தொட்டிக்குள் அடித்த சுண்ணாம்பு

பொறாமையை வயிற்றெரிச்சல் என்கிறார்கள். எனக்கு அது காதில் இருந்தது. பக்கத்து அறையில் கோயம்புத்தூர்க்காரர் சிரித்தால் என் காது அங்கே போய்விடும். மேனேஜரின் அறைக்கதவு அவருக்குத் திறக்கும் சத்தமும் எனக்குத் திறக்கும் சத்தமும் வேறு வேறாகக் கேட்கும்.

புதுச்சேரியில் ஒரு துணி ஆலையின் சாயப் பிரிவில் நான் ரசாயனம் பார்த்தவன். சாயம், காரம், தண்ணீர் எல்லாவற்றையும் சோதித்து, சரி என்று நான் சொன்ன பிறகுதான் துணி தொட்டியில் இறங்கும். பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சுக்காரத் துரையிடம் வேலை கற்றவன். தொழிலாளிகள் என்னையும் துரையைக் கூப்பிடுவது போலவே ‘முசே’ என்று கூப்பிடுவார்கள். ஐம்பத்து நான்கில் ஆட்சி மாறியது. துரை கப்பலேறினார். பம்பாயிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். அவருக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. என் ஆங்கிலமோ புத்தகத்து ஆங்கிலம். நான் ஒரு வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார்.

அப்படி நான் வாயடைத்துப் போயிருந்த காலத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் வந்து சேர்ந்தார். சாயப் பிரிவுக்கு உதவிப் பொறியாளர். என்னைவிட வயதில் சிறியவர். ஆங்கிலம் சரளமாக வந்தது. அதைவிட முக்கியம், அவருக்கு மனிதர்களிடம் பேச வரும். ஒரே வாரத்தில் தொழிலாளிகள் அவரை ‘அண்ணே’ என்றார்கள். அத்தனை வருஷம் நான் ‘முசே’யாகவே இருந்துவிட்டேன்.

எங்கள் ஆலையில் நீலத்துணி போட்டோம். ஆப்பிரிக்காவுக்குப் போகும் துணி. வாங்குகிறவர்கள் அதைக் கட்டைவிரலால் தேய்ப்பார்கள், மூக்கில் வைத்து முகர்வார்கள், வெயிலில் சாய்த்துப் பிடித்து, கருநீலத்தின் மேல் செம்பு போல ஒரு மினுக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் துணி கப்பலேறாது. சாயம் ஏற்றிய துணியை அலசி அலசித்தான் அந்த மினுக்கைக் கொண்டுவர வேண்டும். அலசிய தண்ணீர் முழுக்க நீலமாக வாய்க்காலில் ஓடும். அதற்கு ஈடாக இரவும் பகலும் பம்பு நிலத்தடித் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆலைக்குத் தெற்கே கீரைத்தோட்டங்கள் இருந்தன. மழை பொய்த்த வருஷங்களில் அந்தத் தோட்டத்துக் கிணறுகளில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் இறங்கியது. எங்கள் பம்புதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. நானும்தான்.

அவர்தான் பேசினார். ஒருநாள் காலை வாய்க்கால் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் மொண்டு கொண்டுபோய் மேனேஜரின் மேஜையில் வைத்தார்.

“இது என்ன, மையா?” என்றார் மேனேஜர்.

“சாயங்காலம் வரைக்கும் யாரும் தொட வேண்டாம். அப்புறம் சொல்றேன்.”

சாயங்காலம் மேனேஜர் என்னையும் கூப்பிட்டார். ஜாடியின் அடியில் நீலம் சேறாகப் படிந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. காற்றுப் பட்ட நீலம் தண்ணீரில் கரையாது, விட்டுவைத்தால் அடியில் உட்கார்ந்துவிடும். இது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அத்தனை வருஷம் அந்த வாய்க்காலைத் தாண்டி நடந்தவன் நான். ஒரு ஜாடியை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அந்த ஜாடியைப் பார்த்தபோது எனக்கு வந்தது வியப்பல்ல, கோபம்.

வரிசையாகத் தொட்டிகள் கட்டி, வாய்க்கால் தண்ணீரை அவற்றில் தேக்கி, தெளிந்ததை எடுத்து அடுத்த துணியின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம்; கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர் போதும்; அடியில் படிந்த நீலத்தைத் திரும்பச் சாயத்தில் போடலாம் என்றார் கோயம்புத்தூர்க்காரர். மேனேஜருக்குத் தயக்கம். இவர் விடவில்லை. பம்பு தேய்வதைச் சொன்னார், வீணாகும் சாயத்தைச் சொன்னார். கடைசியில் தன் ஊரைச் சொன்னார். “எங்க ஊர்ப்பக்கம் கெணறு வெட்டி வெட்டிப் பாறையில முட்டி நிக்கறோம். இங்க இன்னும் தண்ணி இருக்குதுங்க. இருக்கறப்பவே செஞ்சுக்கணும்.” மேனேஜர் சம்மதித்தார். தொட்டிகள் எழுந்தன. வேலையும் செய்தன. அந்தக் கோடையில் பம்பு பாதி நேரம்தான் ஓடியது.

ஒருநாள் கீரைத்தோட்டத்து அம்மா ஆலை வாசலுக்கு வந்தாள். பெரிய மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து போகிறவள். முளைக்கீரைக் கட்டு ஒன்றைக் கோயம்புத்தூர்க்காரர் கையில் கொடுத்து, “கெணத்துல தண்ணி அப்படியே நிக்குது ஐயா, எறங்கல. இந்தக் கீர ஒனக்குத்தான், மேனேஜருக்குக் குடுத்துடாத,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாதிக் கட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் கொடுத்தது என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

“நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தாரே, அவரா? எவ்வளோ சிரிச்ச மொகம். கொழம்பு நல்லாருக்குதுன்னு சமையக்கட்டு வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனாரு. நீங்க சொல்லியிருக்கீங்களா ஒரு நாளாவது?”

அந்தக் கீரையை நான் சாப்பிடவில்லை. பித்தம் என்று சொல்லித் தட்டை ஒதுக்கினேன்.

அவர் எங்கள் ஆலையோடு நிற்கவில்லை. ஊரிலிருந்த மற்ற ஆலைக்காரர்களைப் போய்ப் பார்த்தார். “வந்து பாருங்க. பிடிச்சாச் செய்யுங்க, இல்லாட்டி எங்க காப்பியைக் குடிச்சுட்டுப் போங்க,” என்று கூப்பிட்டார். விஜயதசமிக்கு மறுநாள் வருகிறோம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அது நடந்துவிட்டால் ஊர் முழுக்க அவர் பெயர்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. சாயப் பிரிவுத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. அது யாருக்குப் போகும் என்பதிலும் சந்தேகமில்லை.

ஆயுத பூஜைக்கு ஆலையை நிறுத்திவிடுவோம். தொட்டிகளை வடித்துவிட்டு, சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். பூஜை ஏற்பாட்டை என்னிடம் விட்டிருந்தார்கள். அவர் ஊருக்குப் போகக் கிளம்பும்போது என் அறைக்கு வந்தார்.

“சார், தொட்டியில மறுபடி தண்ணி விட்டதும் நீங்க ஒருக்காப் பார்த்துருங்க. நீங்க பார்த்துட்டாப் போதும், நான் வண்டியில நிம்மதியாத் தூங்கிட்டு வருவேன்.”

சுண்ணாம்பு அடிக்கக் கூலிக்கு வெளியாட்கள் வந்தார்கள். தொழிலாளிகள் யாருமில்லை. நான் மட்டும் வராந்தாவில் நின்றிருந்தேன். சுவரை முடித்துவிட்டு அவர்களில் ஒருவன் வாளியோடு, வழக்கமாகத் தெளிந்த தண்ணீர் நிற்கும், இப்போது வடிந்து கிடந்த கடைசித் தொட்டிக்குள் இறங்கினான். உள்சுவர் அழுக்காக நீலமாக இருக்கிறதே, அதையும் வெள்ளையாக்கிவிட்டால் நல்லது என்று நினைத்திருப்பான். “ஏய், உள்ள வேணாம்” என்று ஒரு குரல் போதும். வாய் வரை வந்தது. அவன் சுண்ணாம்பு மட்டையைச் சுவரில் வைத்து இழுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிமிர்ந்து, “உள்ளயும் அடிச்சிடவா சாமி?” என்றான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஊதுவத்தி எடுத்து வந்தேன். திரும்பி வந்தபோது தொட்டி உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது.

விஜயதசமியன்று தண்ணீர் விட்டார்கள். பச்சைச் சுண்ணாம்பு அதில் கரைந்தது. மேலே தெளிந்த தண்ணீரை எடுத்து வந்து காரம் காட்டும் மருந்து ஒரு சொட்டு விட்டேன். ரோஜாப்பூ நிறம் வந்தது. சுண்ணாம்பு கரையாமல் அந்தத் தண்ணீருக்கு அந்த நிறம் வராது. சோதனைக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் சரி என்று சாயக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் ரயிலிலிருந்து நேராக வந்தார். கையில் ஊர்ப் பலகாரம். விருந்தாளிகள் வந்தார்கள். அவர் ஜாடிக் கதையைச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தார். தொட்டிகளைக் காட்டினார். பிறகு, அன்று காலை அலசிக் காயப்போட்டிருந்த துணியைப் பார்க்கப் போனோம். கொடியில் தொங்கிய நீலத்துணி முழுக்கச் சாம்பல் படிந்திருந்தது. செம்பு மினுக்கு எங்கேயும் இல்லை. வந்தவர்களில் வயதான வியாபாரி ஒருவர் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் வெளுத்தது.

“என்னய்யா இது, துணிக்குத் திருநீறு பூசியிருக்கீங்க? ஆப்பிரிக்காக்காரன சாமியாராக்கப் போறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் ‘உடனே’ என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. தொட்டிகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் என் அருகில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“சார், தொட்டி உள்ள சுண்ணாம்பு கிண்ணாம்பு அடிச்சுட்டாங்களா?”

“வெளியே மட்டும்தான்.”

“தண்ணி பார்த்தீங்களா?”

“பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.”

அவர் தலையாட்டினார். தண்ணீர் வடிந்ததும் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். அந்தச் சுண்ணாம்பு அதற்குள் நீலத்தைக் குடித்து, எப்போதும் இருந்த சுவரைப் போலவே நீலமாக நின்றது. அதையும் நான் எதிர்பார்த்திருந்தேன். ரசாயனம் படித்தவன் அல்லவா.

“அப்ப நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். திரும்பத் திரும்பச் சுத்தவிட்டா தண்ணியில ஏதோ சேருது போலிருக்குதுங்க. நமக்குத் தெரியாத ஏதோ,” என்றார்.

என் சொல்லை அவர் சந்தேகிக்கவில்லை. தன் யோசனையைச் சந்தேகித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் நான் அதை மறந்திருப்பேன்.

தொட்டிகளை மண் போட்டு மூடினார்கள். பம்பு பழையபடி முழுநேரமும் ஓடியது. மற்ற ஆலைக்காரர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சில மாதங்களில் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போனார். பதவி எனக்கு வந்தது. அடுத்த கோடையில் கீரைத்தோட்டத்து அம்மா வாசலில் நின்றாள். கூடை இல்லை.

“அந்தச் சிரிச்ச மூஞ்சி ஐயா எங்க?”

“ஊருக்குப் போயிட்டார்.”

“தண்ணியையும் கையோட எடுத்துக்கினு போயிட்டாரா?”

இப்போது நான் தலைவன். தொட்டிகளைத் திறக்கச் சொல்ல என்னால் முடியும். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டால் போதும், அது வேலை செய்யும் என்று அறிந்த ஒரே ஆள் நான்தான். அதனால்தான் திறக்கவில்லை. திறந்து, வேலை செய்துவிட்டால் அவர் செய்தது சரி என்றாகிவிடும். அவர் இங்கே இல்லாதபோதும் எனக்கு அது பொறுக்காது. அந்தத் தோட்டங்களில் அப்புறம் கீரை போடவில்லை. கொஞ்ச நாள் கருவேல முள் இருந்தது, பிறகு வீடுகள் வந்தன.

அறுபத்திரண்டில் உறவினர் கல்யாணம் ஒன்றுக்குக் கோயம்புத்தூர் போனேன். அங்கே அவரும் வந்திருந்தார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சற்றுப் பருத்திருந்தார். பெரிய ஆலையொன்றில் நல்ல பதவி. அதைக் கேட்டதும் பழைய காது விழித்துக்கொண்டது. சாப்பாட்டுக்குக் காத்திருந்த கூட்டத்தில், மழை இல்லை, கிணறு இல்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சாயப்பட்டறை தொடங்கியிருந்த இளைஞர் ஒருவர் அவரிடம் கேட்டார்.

“ஏனுங்க, இந்தச் சாயத் தண்ணியைத் தெளிய வெச்சு மறுபடி ஓட்ட முடியாதுங்களா? நான் தொட்டி கட்டலாம்னு இருக்கறேன்.”

அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“அந்த வேலையே வேண்டாம் தம்பி. நான் செஞ்சு, ஊரைக் கூட்டி வெச்சு, பேரைக் கெடுத்துக்கிட்டவன். துணிக்குத் திருநீறு பூசினேன்!” அந்தக் கதையை முழுவதும் சொன்னார், வியாபாரியின் குரலில் பேசியும் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தன் தோல்வியைக்கூட இவரால் இவ்வளவு அழகாகச் சொல்ல முடிகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்போது இருந்தது அதுதான்.

“நம்பாட்டி சாரைக் கேளுங்க. அன்னிக்குத் தண்ணியைச் சோதிச்சவரே இவர்தான்,” என்று என் தோளில் கை வைத்தார்.

இளைஞர் என்னைப் பார்த்தார். கட்டலாமா வேண்டாமா என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது. கட்டு தம்பி, உள்ளே மட்டும் சுண்ணாம்பு அடிக்காதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

“ஆமாம், துணி வெளுத்துத்தான் போச்சு,” என்றேன்.

இளைஞர் “சரிங்க” என்று தலையாட்டினார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.