அப்பாவின் சாட்சியும் அம்மாவின் காதும்

ஒலிபெருக்கியில் யாராவது, "நான் எப்படிப்பட்ட பாவியாக இருந்தேன் தெரியுமா?" என்று தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விடுவேன். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். வேதம் வாசிக்காமல் படுக்காதவள். மனந்திரும்புதல் என்ற சொல்லின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த மரியாதை இருப்பதால்தான் குமட்டுகிறது.

என் அப்பா செங்கல்பட்டில் மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் சாராயக்கடைகளைத் திறந்தது, அப்பா குடித்தார். சில வருஷங்களில் அரசாங்கமே கடைகளை மூடியது, அப்பா இரட்சிக்கப்பட்டார். இந்த இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று எங்கள் சபையில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. நியாயமாகச் சொன்னால், கடை மூடிய பிறகும் சவுக்குத் தோப்புகளில் திருட்டுச் சாராயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

குடித்த காலத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு தோல் பெல்ட் உண்டு. அது இல்லாமல் ஏறக்கூடாது. ஒரு நாள் காலையிலேயே அப்பா தள்ளாடிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். இந்த நிலையில் ஏறினால் பிணமாகத்தான் இறக்குவார்கள் என்று அம்மா பயந்து, பெல்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அப்பா வீட்டையே கலைத்துத் தேடினார். பிறகு அம்மாவின் எதிரில் நின்று ஓங்கி அறைந்தார். அவர் வலக்கைக்காரர், அறை இடது கன்னத்தில் காதோடு சேர்த்து விழுந்தது. அன்றைக்கு அவர் கம்பம் ஏறவில்லை, உயிரோடு இருந்தார். அம்மாவுக்கு இடது காது போயிற்று.

இரட்சிக்கப்பட்ட பிறகு அப்பா ஒரு கூட்டத்தாரோடு சேர்ந்துகொண்டார். ஒரு ஊழியக்காரர், ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், கயிற்றால் கட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வேடந்தாங்கல் பக்கம், திருக்கழுக்குன்றம் பக்கம், கடலோரக் குப்பங்கள் என்று ஏதாவது ஒரு ஊரில் பாய் விரித்துக் கூட்டம் போடுவார்கள். முதலில் பாட்டு, கடைசியில் ஜெபம். நடுவில் சாட்சி. சாட்சி என்றால், பழைய பாவத்தைச் சொல்லி, ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று எல்லோர் முன்பாகவும் அறிக்கை செய்வது. அந்தக் கூட்டத்தில் அப்பாவின் சாட்சிக்குத்தான் கிராக்கி.

ஆரம்பத்தில், "குடித்தேன், மனைவியை அடித்தேன், கர்த்தர் மன்னித்தார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஊழியக்காரர் அவரைத் தனியே அழைத்து, "பிரதர், இன்னும் கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ஜனங்க மனசுல தைக்கணும்" என்றார். அதை நான் என் காதால் கேட்டேன். அதன் பிறகு சாட்சி வளர ஆரம்பித்தது. அம்மா பெல்ட்டை ஒளித்து வைத்ததெல்லாம் போய், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தவளை அடித்ததாக ஆயிற்று. அரிசிப் பானை இருந்த இடத்தில் வேதபுத்தகம் வந்து உட்கார்ந்தது. "இப்படி அடித்தேன் பிரியமானவர்களே!" என்று சொல்லி, மைக்குக்குப் பக்கத்தில் தன் கன்னத்திலேயே பளார் என்று அறைந்துகொள்வார். பெட்டியில் இடி இடித்த மாதிரி கேட்கும். ஜனங்கள் "அல்லேலூயா" என்பார்கள். வலக்கையால் தன்னையே அறைந்துகொண்டால் அது வலது கன்னத்தில்தான் விழும். வாரா வாரம் வலது கன்னத்தைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாட்சி முடிந்ததும் ஊழியக்காரர் மைக்கைப் பிடித்து, "அந்தத் தாயார் நம் நடுவில் இருக்கிறார்கள், எழுந்து நில்லுங்கள் அம்மா" என்பார். அம்மா எழுந்து நிற்பாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் பார்ப்பார்கள். கூட்டம் கலைந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "இந்தக் காதா?" என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓர் ஊரில் ஒரு மூதாட்டி, ஜெபித்த எண்ணெய் என்று சொல்லிக் கேட்காமல் கொள்ளாமல் அம்மாவின் காதில் ஊற்றிவிட்டாள். அதுவும் அப்பா அறைந்து காட்டிய பக்கத்துக் காதில். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே காது அது. சிக்கு நாற்றத்தோடு அந்தப் பழைய எண்ணெய் கழுத்தில் வழிய வழிய, அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். எனக்கு வந்த அருவருப்பில் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது பள்ளிக்கூடம் முடிகிற வயது. கூட்டங்களில் அம்மாவின் இடப்பக்கம் உட்காருவேன். ஒலிபெருக்கிப் பெட்டி எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று பார்த்து, கேளாத காதை அந்தப் பக்கம் வைத்துத்தான் அம்மா உட்காருவாள் என்பதைச் சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன். வேறு பக்கம் உட்காரச் சொன்னால், வெயில் அடிக்கிறது என்பாள். நிழலில் உட்கார்ந்துகொண்டே சொல்வாள்.

வேதத்தில் மனந்திரும்பினவர்கள் கதைகளை நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த நாட்களில்தான். சொத்தை அழித்துவிட்டுப் பன்றித் தவிட்டுக்கு ஆசைப்பட்ட மகன் எழுந்து தகப்பனிடம் போனான். யாருக்குத் துரோகம் பண்ணினானோ அவரிடம். வழியில் பந்தல் போட்டுச் சொல்லிக்கொண்டு போகவில்லை. சேவல் கூவுவதற்குள் எஜமானை மறுதலித்த மீனவன், வெளியே போய்த் தனியாக அழுதான். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு அழுததாக எங்கேயும் இல்லை. பலிபீடத்தண்டை வந்தவனுக்கு, சகோதரனுக்கு உன்மேல் மனஸ்தாபம் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவரே வழி சொல்லியிருக்கிறார். இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். என் அப்பாவுக்கும் மனப்பாடம்தான். அவர் கூட்டத்துக்குக் கூட்டம் காணிக்கை கொண்டுபோய்க்கொண்டே இருந்தார். வீட்டில் அம்மாவிடம் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடு, சட்டை எங்கே, சனிக்கிழமை புறப்படு, அவ்வளவுதான். நான் ஒரு தரம் அம்மாவிடம், "உன்னாண்ட மன்னிப்பு கேட்டாரா?" என்றேன். "கேப்பாரு" என்றாள். நம்பித்தான் சொன்னாள். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. பிறகு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பகல் கூட்டம் போட்டார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் பாய். அதற்கப்பால் வலை காய்ந்துகொண்டிருந்தது, கருவாடும் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. குப்பத்து ஜனங்களுக்குக் கடலம்மா, எல்லையம்மன் என்று தெய்வங்கள் உண்டு. எங்கள் பாட்டுக்கும் டோலக்குக்கும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மீன் விற்றுவிட்டு வந்த ஓர் அம்மாள் காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அம்மாவின் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா அன்றைக்கு வெகு உற்சாகம். ஜெபித்துக்கொண்டிருந்தவளை மயிரைப் பிடித்து இழுத்ததாகப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். அது நடக்கவே இல்லை. செய்த பாவம் போதாது என்று செய்யாததையும் சேர்த்துக்கொள்கிறாரே என்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கன்னத்தில் அறைந்துகொண்டார், பெட்டி இடித்தது, தோப்பிலிருந்த காக்கைகள் பறந்தன.

மீன்கார அம்மாள் அம்மாவின் பக்கம் சாய்ந்தாள். "இன்னாம்மே, மைக்குல கூவிகினு கீறாரே, உன் வூட்டுக்காரரா?"

அம்மா தலையாட்டினாள்.

"அடிச்சதுக்கு உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

அம்மா அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "என்னாண்ட ஒண்ணியும் சொல்லல" என்றாள்.

"அட! ஊருக்கெல்லாம் சொல்லிகினு, வூட்டுல சொல்லலியா?" மீன்கார அம்மாள் சிரித்துவிட்டு, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கிழித்தாள். அவளுக்கு அது அவ்வளவுதான், வேடிக்கை. அம்மா சிரிக்கவில்லை.

ஊழியக்காரர் மைக்கை வாங்கினார். "இந்தச் சகோதரனுக்காகக் கண்ணீரோடு ஜெபித்த அந்தத் தாயார் நம் நடுவில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள் அம்மா."

அம்மா எழுந்திருக்கவில்லை.

அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தத் தாழ்ந்த குரலையும் மைக்கிலேயே விட்டு, "பாவம், காது கேளாது. பக்கத்திலே இருக்கிறவர்கள் தயவுபண்ணிச் சொல்லுங்கள்" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. எங்கள் சபைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தட்டினாள்.

ஒரு காது போனதிலிருந்து தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறதென்று அம்மாவுக்குத் தெரியாது. மைக் தேவைப்படவில்லை.

"கேக்குது. நான் எழுந்துக்க மாட்டேன்."

தோளைத் தட்டியவள் கையை எடுத்துக்கொண்டாள். அம்மா நிறுத்தவில்லை.

"நான் ஜெபம் பண்ணல. பெல்ட்டை ஒளிச்சு வெச்சேன், அதுக்கு அடிச்சாரு. எல்லா ஊர்லயும் சொல்லிகினு வராரு. என்னாண்ட இன்னும் சொல்லல. சொல்லட்டும், எழுந்துக்கறேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நாலைந்து பாய்தான் இருந்தது. நடந்து வந்திருக்கலாம். அவர் ஊழியக்காரர் கையிலிருந்த மைக்கின் பக்கம் குனிந்தார். வாயைத் திறந்து, "ஆண்டவரே..." என்றார். பழக்கதோஷம். கூட்டத்தில் யாரோ "ஆமென்" என்றார்கள். அந்த மனிதரை நான் அவ்வளவு அருவருத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊழியக்காரர் டோலக்குக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார், பாட்டு தொடங்கிவிட்டது.

மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினோம். ஊழியக்காரர் முன்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா டிரைவர் இருக்கும் வலப்பக்க வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா அவள் பக்கத்தில், நடைபாதை ஓரம். நான் அவர்களுக்குப் பின்சீட்டில். திருக்கழுக்குன்றத்தில் மொட்டை போட்ட ஒரு குடும்பம் சந்தன வாசனையோடு ஏறியது. மலை பின்னால் போயிற்று.

பிறகு அப்பா மெதுவாகச் சாய்ந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னார். அம்மா அசையாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் உட்கார்ந்திருந்தது அம்மாவின் இடப்பக்கம். ஊர் ஊராகப் போய் அந்தக் காதைப் பற்றிப் பேசியவருக்கு, அது எந்தக் காது என்று தெரியவில்லை. தன் வலது கன்னத்தை அறைந்து அறைந்து, வலது காதுதான் போனது என்று அவரே நம்பிவிட்டிருந்தார்.

நான் பின்னாலிருந்து, "அப்பா, அது கேக்காத காது" என்றேன். வேண்டுமென்றே குத்துகிற மாதிரிதான் சொன்னேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவின் காதைப் பார்த்தார். தன் வலக்கையைத் தூக்கி, அம்மாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோய், எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தார். கை அப்படியே மடியில் விழுந்தது. என்னமோ நடக்கிறது என்று அம்மா திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்காமல் எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர இடத்தைக் கையால் காட்டினாள். அவர் நகர்ந்து உள்ளே போனார். அம்மா அவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவர் அவளுடைய வலப்பக்கம் இருந்தார்.

"இன்னொரு தபா சொல்லணுமா?" என்றார் அப்பா.

"எனக்கு இதான் மொத தபா" என்றாள் அம்மா.

அவர் சாய்ந்து சொல்லத் தொடங்கினார். பஸ் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. முன்னால் எட்டிக் கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை. காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. பெல்ட்டு.