சத்தம் வைக்காத டிவி

திருவண்ணாமலையில் நான் தங்கிய லாட்ஜின் மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, கசங்காத வெள்ளைச் சட்டை. வரவேற்பறை டிவியில் பாட்டுச் சேனலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார். பௌர்ணமி கிரிவலம் சுற்றி வந்தவர்கள் ஹாலில் பாய் விரித்துத் தூங்குவதால்தான் என்று நினைத்தேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகும் சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு ஹிப்ஹாப் பாட்டு வந்தது. வரிகள் நான் எழுதியவை. என் வீட்டில் டிவி கிடையாது. அதை டிவியில் அன்றுதான் பார்க்கிறேன்.

"சார், கொஞ்சம் சவுண்டு வைங்களேன்."

ரிமோட்டைக் கையில் எடுத்தார், அமுக்கவில்லை.

"இப்பல்லாம் அதே பாட்டுங்களத்தான் திருப்பித் திருப்பி போடறாங்க. இந்தப் பையன் தினம் வரான். கைய நீட்டி நீட்டி யார்கிட்டயோ நியாயம் கேக்கறான். எனக்காகக் கேக்கறான்னு நெனச்சிக்குவேன். சத்தம் வச்சு, வேற எதனா பேசிட்டான்னா?"

அந்தப் பாட்டு முழுக்க நான் எழுதியது பைக்கையும் கூலிங் கிளாஸையும் பற்றித்தான். திரையில் பையன் நெஞ்சில் தட்டிக்கொண்டான். மேனேஜர் மெல்லத் தலையாட்டினார்.

"வேணாம் சார், இப்படியே இருக்கட்டும்," என்றேன்.

அவருக்கு யாரோடு என்ன வழக்கோ, தெரியவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து அந்த வழக்கைத்தான் பாட்டாக எழுதிப் பார்க்கிறேன். கண்ணை மூடினால் பையனின் கை நீள்கிறது, வாய் அசைகிறது. ஒரு வரி கூட எனக்குக் கேட்கவில்லை.