சோலான்ஷ் வரைந்த மூலை

கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன மலைப் பள்ளத்தாக்கு ஊரான லெ சாந்தியேயில், தபால் ஆபீசுக்கு மேல்மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து பெரிய கடிகாரக் கம்பெனிகளுக்கு, கடிகாரத்துக்குள் ஓடும் எந்திரத்தை வரைந்து கொடுத்தார்கள். வாசலில் பலகை கிடையாது. வரைந்தது யார் என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பதுதான் ஒப்பந்தத்தின் முதல் வரி. வாங்கிய கம்பெனி தன் ஆளின் கையெழுத்தைப் போட்டு, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மார்தட்டிக்கொள்ளும். பெற்றவள் மாடியில் பென்சில் சீவிக்கொண்டிருப்பாள்.

சோலான்ஷ் கோலே அங்கே பதினான்கு வருஷம் வரைந்தவள். எந்தக் கடிகாரம் அவளுடையது என்று புருஷனுக்குக்கூடத் தெரியாது. அதில் தனக்கு வருத்தமே இல்லை என்பாள். பொய்.

1988 குளிர்காலத்தில் ஒருநாள், தேவாலயப் பாட்டுக்குழு ஒத்திகை முடிந்ததும் எட்கார் ரேமோன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பக்கத்து ஊர்க் கம்பெனியில் கடிகாரம் பொருத்துகிறவன்.

"எனக்குக் கை போயிடுச்சுங்கறாங்க சோலான்ஷ். நான் மாட்டுற, தேதிய மாத்துற ஸ்பிரிங்கெல்லாம் ஒடியுதாம். இந்த மாசத்தோட நின்னுக்கோன்னுட்டாங்க."

ஒடிந்த ஸ்பிரிங் ஒன்றைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இல்லாத ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் ஏது? சோலான்ஷ் வாங்கிப் பார்த்தாள். உள்மூலையில் ஒடிந்திருந்தது. அந்த மூலைக்குத் துளி வளைவு கொடுக்காமல் கூராக வரைந்தவள் அவளேதான். கூரான மூலையில் உலோகம் சீக்கிரம் ஒடியும்; படிக்க வந்த முதல் வருஷத்துப் பையன்கூடச் செய்யாத தப்பு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மறுநாள் காலையில் முதலாளி அர்மானிடம் சொன்னாள்.

"வெளிய தெரிஞ்சா நம்ம கடைய சாத்த வேண்டியதுதான்," என்றார் அவர்.

"வெளிய எதுக்கு? அவங்ககிட்டயே சொல்றேன்."

வரைபடத்தின் நகலைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மொரே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவள் கையிலிருந்து அந்தப் படத்தை வாங்கிப்போனவரே அவர்தான்.

"இது நாங்களே வரைஞ்ச எந்திரம், மேடம். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"நல்லது. அப்ப இந்த மூலையக் கூரா வரைஞ்சதும் நீங்கதான். உங்க படத்துல உங்க கையெழுத்துதானே இருக்கு? எட்கார் ரேமோன் என்ன பண்ணுவான் பாவம்?"

மொரே அந்த நகலை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஊரார் பிள்ளைக்கு அப்பனாக இருப்பதில் இப்படி ஒரு செலவு உண்டு என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மேலிடத்தில் போய் என்ன சொன்னாரோ, அந்த வாரமே மூலை திருத்தப்பட்டது. எட்காரின் வேலை தப்பியது.

அடுத்த ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்தபின் எட்கார் அவளைத் தேடி வந்தான்.

"கூத்தக் கேட்டியா? தப்பு மொரே வரைஞ்சதுலயாம். அவரே ஒத்துக்கிட்டாரு."

"முட்டாத்தனமான தப்புதான்," என்றாள் சோலான்ஷ்.

"மூலைய விடு. மத்ததெல்லாம் அப்படி ஒரு வேலை. முப்பது வருஷத்துல இவ்வளவு அழகா ஒண்ண என் கையால பொருத்தினதில்ல. அந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒரு கை இருக்கும்னு யாரு கண்டா?"

"சத்தத்துல கேக்கல," என்றாள் சோலான்ஷ். "இன்னொரு தரம் சொல்லு."