எந்த வயது, பிள்ளை?

கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு மருத்துவமனை நடைவழியில், மனைவிக்குத் துணையாகத்தான் போய் உட்கார்ந்தேன். பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ஆய்வுக்கு வசந்தியை அழைத்திருந்தார்கள். விபரம் எழுத வந்தவள் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. படிப்பு, வேலை, வீட்டு மொழி, குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா என்று வசந்தியிடம் கேட்டு முடித்து, என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிளும் சேரலாம். உங்கட வயது?”

“எந்த வயது, பிள்ளை?”

என்னைக் கனடாவுக்குக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரர் பாஸ்போர்ட்டில் பிறந்த நாளையும் மாற்றி, நான்கு வயதைக் குறைத்துவிட்டார். பிறகு எல்லாப் பத்திரங்களிலும் அதுவே. இருபத்தேழு வருடமாக இலவசமாக இளமையாக இருக்கிறேன்.

“பேப்பரிலை நாப்பத்தெட்டு.”

“அப்ப ஏலாது, அங்கிள். அம்பது ஆகவேணும்.”

எழுந்து கோட்டை மாட்டினேன். அந்த ஏஜென்சிக்காரரை நான் மனமார வாழ்த்திய ஒரே தருணம் அது.

“இருங்கோ,” என்றாள் வசந்தி. “பிள்ளை, இவருக்கு அம்பத்திரண்டு. பேப்பரிலை என்னை இவருக்கு அக்கா ஆக்கிப்போட்டாங்கள், பரவாயில்லை. இவரின்ரை குடலுக்கு ஆர் பாஸ்போர்ட் குடுத்தது?”

குடும்ப வைத்தியரிடம் உண்மையான வயதைச் சொல்லும்படி அந்தப் பிள்ளை சொன்னாள். சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. குடியுரிமை போய்விடுமோ என்று பயம். பின்வழிச் சோதனை மீது அதைவிடப் பெரிய பயம். வைத்தியரோ, பேப்பர் உங்கள் விஷயம், வயிறு என் விஷயம் என்று முடித்துவிட்டார்.

அவர் எழுதித்தந்த சோதனையில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தது. அடுத்தது கொலனோஸ்கோப்பி (பின்வழியாகக் கமெரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). முதல்நாள் குடிக்கத் தரும் மருந்தைப் பற்றி, போகவிருப்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: கழிவறை வாசலிலேயே உட்காரக் கதிரை போடுங்கள்.

ஒரு பொலிப்பை (குடற்சுவரில் முளைக்கும் சதை) வெட்டி எடுத்தார்கள். பேப்பரில் ஐம்பது ஆகும்வரை விட்டிருந்தால் புற்றாகியிருக்கலாம் என்றார் டொக்டர். மயக்கம் தெளியும்வரை வசந்தி என் கையை விடவில்லை.

“அக்கா,” என்றேன்.

அடி விழுந்தது. மெதுவாகத்தான்.

மூன்று வருடத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும். என் உடம்பு ஒருநாள்கூடப் பின்வாங்காமல் தன்பாட்டில் நடந்து வந்திருக்கிறது. நான்தான் நான்கு வருடம் பின்னால் நின்றிருக்கிறேன்.

பேப்பர்ப் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேக் வெட்டுவார்கள். உண்மையான நாள் சத்தமில்லாமல் போய்விடும். இந்தமுறை அன்று காலை, மேசையில் சின்னதாய் ஒரு கேக். அதன்மேல் ஐம்பத்துமூன்று என்று எண் மெழுகுதிரி.

“ஊதுங்கோ,” என்றாள் வசந்தி. “இது உங்கட குடலுக்கு.”