மதகுக்கு அடித்த சுண்ணாம்பு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் ஒரு மதகுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பதைப் பார்த்து வரும் என்று நினைத்ததில்லை.

பாகூர்ப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஒரு வெளிநாட்டு அரசின் உதவி அமைப்பிடம், ஊர் ஏரி மதகைப் புதிதாகக் கட்டப் பணம் கேட்டிருந்தோம். மதகில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மழையில் நிரம்பும் ஏரி ஒழுகி ஒழுகியே காலியாகிவிடும். கடைமடைக் கழனிகளில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. ஏரிச் சங்கத் தலைவரின் கழனியும் கடைமடையில்தான். தொடர்ந்து இரண்டு சம்பா அவருக்குக் காய்ந்துபோயிருந்தது.

கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். இரண்டு வருஷம் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கட்டமாக எழுதினேன். மதகு கட்டினால் என்ன கிடைக்கும் என்று ஒரு கட்டம். நெல் என்று எழுதினால், அந்த நெல்லால் என்ன மாறும் என்று அடுத்த கட்டம். என்னென்ன ஆபத்துகள் வரலாம் என்று கேட்ட கட்டத்தில் வெள்ளம், வறட்சி, தேர்தல் எல்லாம் எழுதினேன். விருந்தோம்பல் என்று எழுதத் தோன்றவில்லை. கடைசியில், தங்கள் அதிகாரி சேதத்தை நேரில் பார்த்த பிறகுதான் முதல் தவணை என்றார்கள்.

தேதியைத் தலைவரிடம் போனில் சொன்னேன். "நான் பாத்துக்கறேம்மா" என்றார். பார்த்துக்கொண்டுவிட்டார்.

அன்று காலை நான் போனபோது ஏரிக்கரையில் வாழைமரம் கட்டியிருந்தது. வெடிப்பை மணல் மூட்டைகளால் அடைத்து, மேலே சிமென்ட் பூசி, சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டையும் போட்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இன்னா தலைவரே இது?"

"பொண்ணு பாக்க வரசொல்ல ஓட்ட வூட்டையா காட்டுவாங்க? நம்ப ஊரப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

நான் கத்த ஆரம்பித்தபோது அதிகாரியம்மாவின் கார் வந்துவிட்டது.

அந்த அம்மாள் கையில் நான் அனுப்பிய போட்டோ இருந்தது. போட்டோவைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "மிக அழகாக இருக்கிறது. இங்கே எங்களுக்கு என்ன வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் சொன்னேன். தலைவருக்கு முதல் பாதி மட்டும் காதில் ஏறியது. உட்காரச் சொல்லி இளநீரை நீட்டினார்.

"அந்தம்மா இப்படியே போயிட்டா, அடுத்த வருஷமும் உங்க கழனி காஞ்சிதான் கெடக்கும்" என்றேன்.

இளநீரைக் கீழே வைத்தார். பிறகு விருந்தாளிக்காகக் கட்டியிருந்த புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பூச்சைப் பெயர்த்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். வெடிப்பு வாயைத் திறந்தது, தண்ணீர் கொட்டியது. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக் குறையை வெளியாளுக்குக் காட்ட வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. அதிகாரியம்மா திருப்தியாகத் தலையாட்டினார். வெடிப்புக்குள் கையை விட்டபடி நிற்கச் சொல்லி அவரைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

தவணை வந்தது. அடுத்த மழைக்குள் மதகைக் கட்டிவிட்டோம். கடைமடையில் நெல் விளைந்தது. தலைவர் எங்கள் ஆபீசுக்கு ஒரு மூட்டை புது அரிசி அனுப்பினார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கிச் சாப்பிட்டுவிட்டோம்.

போன மாதம் அந்த அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வாய்க்காலுக்கும் நாங்கள் பணம் கேட்டிருந்தோம். அதை முடிவு செய்யும் முன் ஊரை ஒருமுறை பார்க்க வருகிறார்களாம். தலைவருக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் யோசனை ஓடுவது கேட்டது.

"ஏம்மா, அந்த மதகு இப்ப நல்லாத்தான இருக்குது. இந்த வாட்டி இன்னா, கொஞ்சம் ஒடச்சி வெக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.