டீத் தூக்கில் மாட்டிய சட்டை

சித்ராதேவி ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 'குவாலிட்டி டிபார்ட்மென்ட்'டில் இருக்கிறாள் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது பொய்யுமில்லை. செக்கிங் டேபிள் அந்த டிபார்ட்மென்ட்டில்தான் இருக்கிறது. காலை எட்டரையிலிருந்து நின்றபடியே பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டைக்கும் எண்ணெய்க் கறைக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை.

சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பி.காம். "இதுக்கா படிச்சே?" என்று அவள் தன்னைத்தானே தினமும் கேட்டுக்கொள்வாள். அதையே அத்தைமாரும் கேட்டால் தாங்காது. அதனால் டேபிளைப் பற்றி ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ட்விட்டரில் எழுத ஆரம்பித்தது சும்மா அலுப்பில்தான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையரின் டிசைன் வெளியே போய்விடும் என்று கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி டப்பாவில் போட்டுவிடுவார்கள். போட்டோ எடுக்க வழியில்லை. மிச்சமிருந்தது வார்த்தை மட்டும். வேலை நேரத்தில் ஒரு வரியை மனசுக்குள் எழுதி, அடித்து, சுருக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் தட்டிவிடுவாள். கணக்கின் பெயர் 'செக்கிங் டேபிள்'. முகத்துக்குப் பதில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

"பனியன் வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். உள்பக்கம் திருப்புங்கள். நூல் தொங்கினால் நடையைக் கட்டுங்கள்."

"கழுத்துப்பட்டியை இழுத்து விடுங்கள். சட்டென்று பழையபடி வந்தால் நல்ல சரக்கு. யோசித்து யோசித்து வந்தால் வேண்டாம்."

இப்படி ஆறு மாதம் எழுதியதில் நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன் அத்தை மகன் ராஜபாண்டி. கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவன். ஒருநாள் அவள் எழுதியதையே அவளுக்கு அனுப்பி, கீழே ஒரு புத்திமதியும் சேர்த்திருந்தான்: "இந்த ஆளு எழுதுறதப் படி புள்ள. நீயும் குவாலிட்டியிலதான இருக்க? ஒரு வரியாச்சும் எழுதியிருக்கியா?"

"முயற்சி பண்றேன் மச்சான்" என்று பதில் போட்டுவிட்டு, பஸ் என்றும் பாராமல் சிரித்தாள்.

மற்றபடி சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. ஆர்டரை எடுத்து முடித்துக் கொடுக்கிற மெர்ச்சன்டைசர் வேலைக்கென்று ஏறி இறங்கிய ஆபீஸ்களில் எல்லாம் ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" இருந்தது. அத்தனையும் அந்தக் கணக்கில் வரிசையாக எழுதியும் இருந்தது. ஆனால் அதில் அவள் பெயர் இல்லையே, எதைக் காட்டுவது?

அப்போதுதான் சுபஸ்ரீயிடமிருந்து செய்தி வந்தது. காங்கேயத்துப் பெண், கட்டிக்கொடுத்தது சென்னையில். வீட்டிலிருந்தே ஆன்லைனில் குழந்தைத் துணி விற்கிறாள். 'ரெண்டு தடவை சரக்கைப் பாக்காம வாங்கி ஏமாந்துட்டேங்க. இப்ப முந்நூறு சட்டை உங்க திருப்பூர் மண்ணரையில ஒரு தையல் யூனிட்ல ரெடியா இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துச் சொல்ல முடியுங்களா? சும்மா வேண்டாம், கூலி தர்றேன். உங்க பேரு என்னங்க?'

முதல் கேள்விக்கு உடனே சரி என்றாள். இரண்டாவதில்தான் விரல் நின்றது. பெயரைச் சொன்னால் இவள் நன்றி சொல்லி ட்விட்டரில் போடுவாள். ராஜபாண்டி பார்ப்பான். பொழுது சாய்வதற்குள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கே தெரிந்துவிடும். 'செக்கிங் டேபிள்னே சொல்லுங்க' என்று எழுதினாள்.

'இந்த ஒரு தடவை சரிங்க. அடுத்த தடவை பேரு வேணும். ஸ்டிக்கரை நம்பித்தான் சரக்கு எடுக்கறேன்னு எங்க மாமியாகிட்ட சொல்ல முடியாது.'

ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணரைக்குப் போனாள். வீட்டின் கீழ்த்தளத்தில் பத்து மிஷின். முதலாளி திருமூர்த்தி, டீக்கடையிலிருந்து அவரே வாங்கிவந்த டீத் தூக்கோடு வாசலில் எதிர்ப்பட்டார்.

"வாங்க கண்ணு. செக்கிங் டேபிள்ல இருந்து ஆள் வரும்னு சென்னை அம்மணி சொன்னாங்க. அந்தக் கம்பெனி எங்கீங்க இருக்குது?"

"கம்பெனி இல்லீங்கண்ணா. நான் மட்டுந்தான்."

"நீங்க மட்டுமா? அப்ப டேபிளு?"

"அது வேற கம்பெனியோடது."

திருமூர்த்தி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் டீ குடிக்கலாம் என்று முடிவு செய்தார்.

தையல் சுத்தமாக இருந்தது. கறை இல்லை, ஓட்டை இல்லை. கழுத்தை இழுத்தபோதுதான் அவள் கை நின்றது. ஏதோ இறுக்கம். பெரியவர்கள் சட்டையென்றால் விட்டிருப்பாள். இது இரண்டு வயதுக் குழந்தைக்கு. அந்த வயதில் உடம்பு சிறிது, தலை பெரிது. சுற்றும் பார்த்தாள். காலியான டீத் தூக்கை எடுத்து டேப்பைச் சுற்றினாள். பத்தொன்பது இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. குழந்தைத் தலைக்குக் கனகச்சிதம். துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்து, சட்டையை அதன் மேல் மாட்டினாள்.

படக்.

கழுத்துத் தையல் விட்டிருந்தது. அடுத்ததை மாட்டினாள். படக். பத்தில் ஆறு.

"ஏனுங்க, தூக்குச் சட்டியெல்லாம் ஒரு டெஸ்டுங்களா?" திருமூர்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. "பதினேழு வருசமா தெக்கறேன். பேரு சொல்லாத ஒரு ஆளு வந்து ரிஜக்டுன்னா, நான் டெய்லருகிட்ட என்னன்னு சொல்றதுங்க? யாரு சொன்னதுன்னு சொல்றது?"

அவர் கேட்டது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. நாளெல்லாம் அடுத்தவர் வேலையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். அவள் வேலையில் அவள் பெயர் எங்கே? நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள்: 'கழுத்தில் நூல் இறுக்கம். பிரித்து, தளர்த்தித் தைக்கவும். சித்ராதேவி, செக்கிங்.' கையெழுத்தும் போட்டாள்.

திருமூர்த்தி தாளை வாங்கிப் படித்தார். பிறகு அவரே ஒரு சட்டையை எடுத்துத் தூக்கில் மாட்டிப் பார்த்தார். படக். "அட, ஆமாங்க" என்றார் மெதுவாக. "இதை அந்த ட்விட்டர்ல போட்ருவீங்களாட்ட இருக்குதே?"

"போடுவேனுங்க. உங்க பேரு வராது."

"ஏன் வராது? புதன்கிழமை சரிபண்ணி வெக்கறேன். வந்து மறுபடி மாட்டிப் பாருங்க. தாங்குச்சுன்னா எம் பேரோட போடுங்க. ஆனா ஒண்ணுங்க, உங்க பேரும் இருக்கோணும். பேரில்லாதவங்க நல்ல சரக்குன்னு சொன்னா எவன் நம்புவான் கண்ணு?"

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து நேராகப் போனாள். முப்பது சட்டை மாட்டினாள். ஒன்றுகூட விடவில்லை. சுபஸ்ரீக்கு 'சரக்கு எடுக்கலாம்' என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்று எழுதினாள்:

"குழந்தைச் சட்டையை டீத் தூக்கில் மாட்டிப் பார்த்தேன். முதலில் தையல் விட்டது. மண்ணரை திருமூர்த்தி அண்ணன் முகம் சுளித்தார், பிறகு முந்நூறையும் பிரித்துத் தைத்தார். இப்போது தாங்குகிறது. நான் சித்ராதேவி, பி.காம். செக்கிங் வேலை பார்க்கிறேன்."

ஸ்டிக்கரை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைத்தாள். எழுதியதை இன்னொரு முறை படித்தாள். அனுப்பினாள்.

பஸ் வருவதற்குள் ராஜபாண்டி கூப்பிட்டுவிட்டான்.

"ஏ புள்ள, அது நீயா?"

"ஆமா மச்சான்."

"நான் உனக்கே அனுப்பி, உனக்கே புத்தி சொல்லி... ஏன்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" குரலைத் தணித்தான். "அம்மா பக்கத்துலதான் இருக்கு. நின்னுக்கிட்டேவா வேலைன்னு கேக்குது."

"நின்னுக்கிட்டேதான்னு சொல்லுங்க" என்றாள். நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் வழக்கம்போலப் போனை நீட்டினாள். டப்பாவில் விழுந்த போன் உறுமியது. சற்று விட்டு மறுபடியும்.

"யாரும்மா இது, விடிஞ்சும் விடியாம?" என்றார் வாட்ச்மேன்.

முந்தின ராத்திரியிலிருந்தே கூப்பிடுகிறவர்கள்: மதுரையில் பள்ளிச் சீருடை விற்கிற ஒருவர், ஈரோட்டில் ஒரு புதுக்கடை, அதோடு திருமூர்த்தி. அடுத்த லாட் சட்டைகளைத் தைத்ததும் முதலில் அவள்தான் பார்க்க வேண்டுமாம்.

"சரக்கு பாக்கச் சொல்ற பார்ட்டிங்கண்ணா. ஏழு மணிக்கு மேல பேசறேன்னு ட்விட்டர்ல நம்பரோட எழுதி வச்சிட்டேன், அப்பவும் கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு, எட்டரை சங்கு ஊதுவதற்குள் டேபிளுக்கு ஓடினாள்.