சனிக்கிழமைக் கோட்டு

ஃபைனா அக்காவின் அளவு நாடாவுக்கு முன்னால் வயிற்றை எக்கி வென்ற மனிதர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. “மூச்சை விடுங்கோ. பொய்க்குத் தைக்க ஏலாது,” என்பார், வாயில் குண்டூசியோடு. ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைத்துத் தைத்தே அவருக்குத் தமிழ் வந்தது.

பிறந்தது ஒடேசாவில், யூதர். அரசியல் கேட்டால் இடதுசாரி. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால், “அது அவரின்ரை பாடு.” ஆனால் சனிக்கிழமை யூதரின் ஓய்வுநாள், வெள்ளி பொழுதுபட்டதுமே தொடங்கிவிடும்: டிராமில் ஏறமாட்டார், ஊசியைத் தொடமாட்டார், தெருவில் கையில் ஒன்றும் சுமக்கமாட்டார்.

போர் எதிர்ப்பு ஊர்வலமும் சனிக்கிழமைதான் வந்து தொலைக்கிறது. சுலோக அட்டை சுமை. உடுத்த உடுப்பு சுமையல்ல. ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, பொழுதுபடும் முன், சாம்பல் கோட்டின் முதுகில் சிவப்புத் துணியால் இரண்டு வரி தைத்துவிட்டார்: ‘காசாவில் குண்டு வேண்டாம்.’ ‘பிணைக்கைதிகளை வீட்டுக்கு விடு.’

முதல் வரியைப் பிரிக்கச் சொன்னவர் யூத ஜெப ஆலயத்தில் வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்த தோழி. இப்போது இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறார்.

போன சனிக்கிழமை ஊர்வலம் புறப்படும் இடத்தில் சுஜானி மறித்தாள். ஏற்பாட்டுக் குழுக்காரி, சட்டைக்கு அளவு கொடுப்பவளும்தான்.

“அக்கா, ரெண்டாவது வரியை எடுத்தால்தான் எங்களோட நடக்கலாமாம். குழு சொல்லுது.”

“இண்டைக்கு நூல் பிரிக்க ஏலாது, பிள்ளை. நாளைக்கு வா.”

“நாளைக்குப் பிரிப்பியளோ?”

“நாளைக்கும் ஏலாது எண்டுதான் சொல்லுவன். இண்டைக்குக் காரணம் கடவுள். நாளைக்கு நான்.”

“அப்ப கோட்டைக் கழட்டுங்கோவன்.”

“குளிருது.”

சுஜானிக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கூட்டத்தோடு போய்விட்டாள்.

கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு டிராம் நீள இடைவெளியில், ஃபைனா அக்கா தனியே நடந்தார். கோஷமும் போட்டார், முன்னால் எல்லோரும் முடித்த பிறகு அவர் குரல் மட்டும் மிஞ்சிக் கேட்டது. நடைபாதையில் ஒருவன் முதல் வரிக்குத் திட்டினான். அடுத்த சந்தியில் ஒருத்தி இரண்டாவதற்கு. நடை மாறவில்லை, காலர் மட்டும் மேலே ஏறியது.

இதை எழுதுகிற ஆளும் தற்செயலாக அதே தெருவில், கடைக் கண்ணாடிகளை வேடிக்கை பார்த்தபடி, பின்னால் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கெல்லாம் இல்லை. எங்காவது தடுக்கி விழுந்தால் படமெடுத்துச் சிரிக்கலாமே என்றுதான்.

ஃபைனா அக்கா திரும்பவில்லை.

“காது கேக்காத ஆக்களின்ரை மெசின் கடையிலை உனக்கென்ன பார்வை?” என்றார். வலது முழங்கையை மட்டும் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார், ஒரு கை நுழையும் அளவுக்கு.